விறாந்தையில் பதிந்த ஈரக்கால்

எங்கள் வீட்டு விறாந்தைக்குச் சிவப்புச் சீமெந்து பூசியிருக்கிறோம். மீள்குடியேறி வந்து வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டிய அடுத்த வருடம் நாங்களாகச் சேர்த்த பகுதி அது. படியடியில் ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. வெளியே போய் வருகிற எவரும் அதில் கால் கழுவிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும் என்பது மனைவியின் சட்டம். அதனால் ஆள் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் விறாந்தையில் ஈரக் காலடிகள் கிடக்கும், வெயில் பட்டுக் காயும். இத்தனை வருடங்களில் அவற்றை நான் ஒரு தடவையும் குனிந்து பார்த்ததில்லை. பார்த்தது ஒரு மாசி மாதத்தில், மழைக்கால நெல்லான காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கிழமையில்.

எனக்கு முன்னால் ஏறிய மனைவியின் அடிகள் ஒரு வரிசை. குதி, அதிலிருந்து வெளிப்பக்கமாக ஒடுங்கிப் போகிற ஒரு கீற்று, பிறகு முன்பாதம், ஐந்து விரல் பொட்டுகள். பக்கத்தில் என்னுடையவை. அவற்றில் ஒடுக்கமே இல்லை. குதியிலிருந்து விரல் வரை ஒரே அகலம். ரப்பர்ச் செருப்பை ஈரத்தில் தோய்த்து வைத்தது போல இருந்தது.

மனைவிதான் முதலில் கவனித்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட கால் என்ன இப்பிடிப் பதியுது?"

"எப்பிடி?"

"தோசைக்கல்லை வைச்சு எடுத்த மாதிரி."

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கிழமை முழுவதும் வலது கணுக்காலின் உட்புறம், எலும்புக்குக் கீழே, பின்னேரமானால் ஒரு நோ வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் வீக்கமும் இருந்தது. அறுவடை அலைச்சல் என்று நினைத்திருந்தேன்.

நான் பிரதேச சபை நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் வந்த நாள், போன நாள், திரும்பிய நாள் என்று எழுதிப் பழகியதாலோ என்னவோ, எதையும் மாதம் கிழமையோடு நினைவில் வைத்திருப்பேன். முதல் மழை எந்தக் கிழமை விழுந்தது, வயலுக்குத் தண்ணீர் விடக் குளத்துத் துருசு எப்போது திறந்தது, கிணறு எந்த மாதத்தில் வற்றியது என்று கேட்டால் சொல்வேன். இந்த நோவுக்கு மட்டும் தொடங்கிய நாளைச் சொல்ல முடியவில்லை. பங்குனியில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டொக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "எப்ப தொடங்கினது ஐயா?" நான் மாசி என்றேன், பிறகு தையாகவும் இருக்கலாம் என்றேன், பிறகு, போன வருடமும் களை பிடுங்கும் நாட்களில் ஒரு நோ இருந்தது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தர்மபுரத்தில் எங்கள் வயல் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில்தான் இருக்கிறது. வாய்க்கால் தெருவால் போய் மருத மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டால், அதற்குப் பிறகு சைக்கிளுக்கு வேலை இல்லை. வரம்புதான். காலபோகத்தில் மழை கொட்டினால் ஒவ்வொரு காலையும் வரம்பு முழுவதும் சுற்றி வந்து, உடைந்த இடத்தைக் கட்டி, நண்டு துளைத்த பொட்டு அடைத்து, கடைசி மூலையில் உள்ள கழிவு வாய்க்கால் வரை போய்த் திரும்ப வேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்குப் போய்விடும். நெல் விதைப்பதற்கு மெஷின் வரலாம், வெட்டுவதற்கும் வரலாம். வரம்பில் நடப்பதற்கு ஆள்தான் வேண்டும். கால் இல்லாதவன் காலபோகம் செய்ய முடியாது.

ஓய்வு பெற்ற பிறகு நான் செய்கிற ஒரே வேலையும் அதுதான். மீள்குடியேறியதிலிருந்து ஒரு காலபோகமும் தவறவில்லை.

பக்கத்து வயல் மனைவியின் தம்பியுடையது. நான் அவனை மச்சான் என்பேன். அவன் என்னை அத்தான் என்பான். சொந்தமாக ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் வைத்திருக்கிறான். உலகத்தில் உள்ள எதையும் இயந்திரத்தின் பாகமாகப் பார்க்கிற ஆள். நான் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்த முதல் நாளே சொன்னான்:

"அத்தான், ரயர் காத்துப் போச்சு. நீங்கள் இப்ப ரிம்மில ஓடுறியள்."

"ஒட்டலாமோ மச்சான்?"

"வயசான ரயர். ஒட்டினாலும் நிண்டு பிடிக்காது."

டொக்டர் என்னை இயன்மருத்துவப் பகுதிக்கு, பிசியோதெரபிக்கு, அனுப்பினார். அங்கே இருந்தவர் முப்பது வயதுக்குள் ஒரு பெண், எல்லாருக்கும் மிஸ். மெலிந்த உருவம், உரத்த குரல். என்னைத் திரும்பி நின்று ஒற்றைக் காலில் குதியைத் தூக்கச் சொன்னார். இடது காலில் தூக்கினேன். வலது காலில் உடம்பு முழுவதும் தூக்கப் பார்த்தது. குதி மட்டும் நிலத்தை விட்டு எழும்பவில்லை. பின்புறக் கெண்டைச் சதையிலிருந்து கணுக்காலின் உள்பக்கமாக ஒரு தசைநார்க் கயிறு வந்து பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடித்திருக்கிறதென்றும், அந்தக் கயிறு களைத்துத் தளர்ந்துவிட்டதென்றும் விளங்கப்படுத்தினார். சப்பாத்துக்குள் வைக்கிற, நடுவில் மேடான ஒரு மெத்தை எழுதித் தந்தார். கயிறு ஆறும்வரை அது வளைவைத் தாங்கிக்கொள்ளும். நல்ல இறுக்கமான சப்பாத்து வாங்கி, அதற்குள் இதை வைத்து, எந்த நேரமும் போடச் சொன்னார். மூன்று மாதத்தில் வரச் சொன்னார்.

அன்றைக்கே கிளிநொச்சியில் சப்பாத்து வாங்கினேன். கறுப்பு, நாடா கட்டுகிறது. பரந்தன் சந்தியில் பஸ் மாறும்போது பழைய செருப்பைப் பையில் போட்டுவிட்டுச் சப்பாத்தோடு நின்றேன். கால் பூமியிலிருந்து கொஞ்சம் உயர்ந்தது போல இருந்தது. முல்லைத்தீவு பஸ்ஸில் வீடு வந்து, படியடியில் நாடாவை அவிழ்த்து, சோடியாக வைத்து, குழாயில் கால் கழுவி உள்ளே போனேன்.

பங்குனி, சித்திரை, வைகாசி. நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். வெளியே போன ஒவ்வொரு தடவையும் சப்பாத்தைப் போட்டேன். மழைத்தூறல் பட்டால் துடைத்தேன். கிழமைக்கு ஒரு தடவை வெயிலில் வைத்தேன். நோ குறையவில்லை. வைகாசி முடிய ஆஸ்பத்திரிக்குப் போய், மிஸ், நீங்கள் சொன்னபடியே செய்தேன், ஒரு பிரயோசனமும் இல்லை என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"ஐயா, இது புதுசோ?"

"இல்லை மிஸ், பங்குனியில வாங்கினது."

"அடி தேயவே இல்லை."

"நல்ல சப்பாத்து."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போடுறீங்கள்?"

"வெளியில போகேக்க எல்லாம் போடுறன்."

"எங்கை போவீங்கள்?"

"சந்திக்கு. சங்கக் கடைக்கு. பேப்பர் எடுக்க."

"நடந்தோ?"

"சைக்கிளில."

அவர் சிரித்தார். "அப்ப சப்பாத்து மூண்டு மாசமாய் சைக்கிள் மிதிச்சிருக்கு. நடக்கேல்லை."

"வீட்டுக்குள்ள?" என்று அவரே கேட்டார்.

"வீட்டுக்குள்ள சப்பாத்தோ மிஸ்?"

"வயலுக்கு?"

வயலில் யாரும் சப்பாத்தோடு இறங்குவதில்லை. செருப்பைக்கூட வரம்பில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவோம். வீட்டிலோ சாமியறையும் குசினியும் விறாந்தையை ஒட்டியே இருக்கின்றன. நான் நடக்கிற நடையெல்லாம் வெறுங்காலால், கடுஞ் சீமெந்தில். சப்பாத்து படியடியில் இருந்து எங்கள் வீட்டைக் காவல் காத்திருக்கிறது.

"வீட்டுக்கெண்டு வேற ஒரு சோடி வாங்கி வைச்சுப் போடலாம்," என்றார். பிறகு அவரே, "எங்கட அம்மாவும் விடமாட்டா," என்றார்.

பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்கு மின்சாரம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், "அங்கால வெள்ளைக்காரன் கட்டிலுக்கும் சப்பாத்தோடதானாம் போறவன்," என்று சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

அன்றைக்கு மிஸ் வழியை மாற்றினார். சப்பாத்து தாங்காத இடத்தில் கால் தன்னைத்தானே தாங்கப் பழக வேண்டும் என்றார். கதிரையில் இருந்து வெறுங்காலை நிலத்தில் வைத்து, விரல்களை மடக்காமல், முன்பாதத்தைக் குதியை நோக்கி இழுத்து, நடு வளைவை மட்டும் தூக்க வேண்டும். அவர் செய்து காட்டினார். அவருடைய பாதத்தின் நடுவில் ஒரு சின்னக் குகை திறந்து மூடியது. நான் செய்தேன். என் பாதம் அசையவில்லை. முகம்தான் அசைந்தது என்று அவர் சொன்னார். பிறகு, நிலத்தில் துவாயை விரித்து விரல்களால் சுருட்டி இழுப்பது. நிலத்தில் கிடக்கிற பென்சிலை விரல்களால் தூக்குவது. இரண்டு குதிகளுக்கும் நடுவில் ஒரு பந்தை இறுக்கிக்கொண்டு குதியைத் தூக்குவது. பெருவிரலை மட்டும் தனியே தூக்குவது, பழகிய பிறகு மணலில் நடப்பது. காலை மாலை. நொந்தால் நிற்பாட்ட வேண்டும். இதற்குக் கிழமைகள் அல்ல, மாதங்கள் வேண்டும் என்றும் சொன்னார்.

நான் உடனே ஒன்றுதான் கேட்டேன்.

"ஐப்பசிக்கு வரம்பில நடக்கலாமோ மிஸ்?"

"பாப்பம்," என்றார். இந்த ஊரில் டொக்டர்மார் பாப்பம் என்றால் அதற்குப் பல பொருள் உண்டு.

வீட்டில் முதல் பிரச்சினை துவாயால் வந்தது. முகம் துடைக்கிற துவாயை நிலத்தில் போட மனைவி விடவில்லை. பழைய சாரம் ஒன்றைக் கிழித்துத் தந்தாள். பென்சிலைக் கொண்டுவந்தபோது வாசலிலேயே மறித்தாள்.

"எழுதுறதைக் காலாலயோ தூக்கப் போறியள்?"

"மிஸ்தான் சொன்னவா."

"அவா சொல்லுவா. நீங்கள் நூலகத்தில இருந்த ஆள். புத்தகத்தில கால் பட்டா தொட்டுக் கும்பிடுற ஆள்."

அவள் சொன்னது சரி. நானே பென்சிலை நிலத்தில் வைத்துவிட்டு வலது காலை அதன் மேல் கொண்டுபோக முடியாமல் நின்றிருந்தேன். பென்சிலுக்குப் பதில் எடுத்த புளியங்கொட்டை சிறிது; பிடி கிடைக்கவில்லை. தென்னஞ் சிரட்டைத் துண்டு வழுக்கியது. கடைசியில் அவள் கொடியில் உடுப்புக் கொழுவுகிற பிளாஸ்ரிக் கிளிப் நாலைந்தைக் கொண்டுவந்து போட்டாள். அதிலே யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனி மாதம் முழுக்க, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முற்றத்து மண்ணை விறாந்தைக்கு வாரியிறைக்கிற பின்னேரங்களில், நான் கதிரையில் இருந்து கிளிப் பொறுக்கினேன். உடுப்புக் காயப் போட வேண்டிய நேரத்தில் கிளிப்பைத் தேடி அவள் விறாந்தைக்கு வருவாள்.

"காலைக் கொஞ்சம் எடுங்கோ, எனக்கு வேணும்."

"இன்னும் முடியேல்லை."

"உங்கட கால் ஸ்கூல் விட்டாப் பிறகுதான் இனி இந்த வீட்டில உடுப்புக் காயும்."

கிளிப் தூக்குவது பழகிவிட்டது. பெருவிரலை மட்டும் தூக்குவதுதான் வரவில்லை. மற்ற நான்கும் நிலத்தில் இருக்க வேண்டும், பெருவிரல் தனியே எழும்ப வேண்டும். நான் மனதால் கட்டளையிடுவேன். ஐந்தும் ஒன்றாக எழும்பும். விரலைக் கையால் பிடித்துக் காட்டிக் கொடுத்தேன், அப்போதும் இல்லை. அறுபது வருடத்துக்கு மேல் சேர்ந்திருந்த ஓர் உறுப்பு என் சொல்லை ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் ஒரு நாளும் சொன்னதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. நூலகத்தில் இருதயத்துக்குப் புத்தகம் இருந்தது. கண்ணுக்கு இருந்தது. நீரிழிவுக்கு ஒரு தட்டே இருந்தது. பாதத்துக்கு என்று ஒன்றை நான் பதிந்ததாக நினைவில்லை. இடம்பெயர்ந்த காலத்தில் எங்களையெல்லாம் சுமந்தது பாதம்தான். அப்போது அது நோகிறதா என்று கேட்கிற நிலையில் யாரும் இருக்கவில்லை.

ஆடியில் அரிசிக்காக நெல் அவித்தோம். படங்கில் பரப்பிக் காயவிட்ட நெல்லைக் காலால் கிண்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பாதத்தை நெல்லுக்குள் செருகி, இழுத்து இழுத்து நடந்தால், பின்னால் உழவுச் சால் மாதிரி கோடு விழும். அடியில் கிடந்த நெல் மேலே வரும். சாப்பிடுகிற நெல்லில் கால் வைக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. அந்த வேலைக்குக் காலைக் கழுவிவிட்டு இறங்குவோம், அவ்வளவுதான். முன்பெல்லாம் அது மனைவியின் வேலை. இந்த முறை நான் இறங்கினேன். விரல்களை நெல்லுக்குள் விரித்துப் பிடித்துப் பிடித்து நடந்தேன். சுணை கடித்தது. ஆனால் சீமெந்தில் செய்தபோது வராத ஏதோ ஒன்று அங்கே வந்தது. நெல் விலகிக் கொடுக்கிறது, பாதம் தானாகவே வளைந்து பிடிக்கிறது. ஒரு கோட்டின் நடுவில் நின்று பெருவிரலை நினைத்தேன். அது தனியே எழும்பியது.

"இஞ்ச வா, இஞ்ச வந்து பார்," என்று மனைவியைக் கூப்பிட்டேன். குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்ன, பாம்போ?"

"விரல்."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லது," என்றாள். "மற்றப் பக்கம் கிண்டேல்லை, ஈரமாய்க் கிடக்கு."

ஆவணியில் நான் அவசரப்பட்டேன். எங்கள் பகுதிக்கு இந்த முறை கோடைப் பயிரான சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. வயல் வெறுமனே கிடந்தது. மாடுகள் மேய்ந்தன. மாசியில் ஈரம் காயமுன்னே இறங்கிய மாடுகளின் குளம்பு பதிந்து, ஆறு மாத வெயிலில் அந்தக் குழிகள் கல்லாகிவிட்டிருந்தன. வரம்பெல்லாம் கிண்ணம் கிண்ணமாக இருந்தது. மருத மரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் பழகிவிட்டது என்ற நம்பிக்கையில் வெறுங்காலோடு அந்த மூலை வரை போகப் புறப்பட்டேன். பாதிக்கு முன்னமே ஒரு குளம்புக் குழியின் விளிம்பில் உட்பாதம் மடிந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வந்தேன். கணுக்கால் முன்னரைவிட வீங்கியிருந்தது.

அன்று பின்னேரம் மச்சான் வந்தான். கால் கழுவி ஏறி, கதிரையை இழுத்து முன்னால் இருந்தான். பகிடி விடவில்லை. அதனால் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அத்தான், நான் வயலைப் பறிக்கக் கேக்கேல்லை."

"நீ கேக்கவே இல்லையே இன்னும்."

"கேக்கப் போறன். ஒரு போகம் என்னட்டைத் தாங்கோ. என்ர வயலோட சேத்து உழுதுவிடுறன். உங்கட பங்கு வீட்டுக்கு வரும். கால் சரிவந்தாப் பிறகு திருப்பி எடுங்கோ."

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "அவன் என்ன பிறத்தியோ? வயல் ஓடிப்போகாது," என்றாள்.

அவன் பிறத்தியில்லை என்பதுதான் எனக்குச் சிக்கல். பிறத்திக்குக் கொடுத்த வயலைப் போகம் முடிய வாங்கிவிடலாம். சொந்தத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த புரட்டாதியில் போய், என் கால் சரி, வயலைத் தா என்று கேட்டால், அது வயலைக் கேட்பதாக இருக்காது. அவன் மேல் குறை சொல்வதாக இருக்கும். அவனும் தந்துவிடுவான், ஆனால் ஏதோ ஒன்று முறிந்துவிடும். ஆகவே கேட்க மாட்டேன். ஒரு போகம் இரண்டாகும், பிறகு நான் விறாந்தையில் இருந்து மழை பெய்வதைப் பார்க்கிற ஆளாகிவிடுவேன். இதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

"எப்ப சொல்ல வேணும் மச்சான்?"

"விதை நெல்லுக்கு ஒழுங்கு பண்ண வேணும். ஐப்பசி பிறக்க முன்னம் சொல்லுங்கோ."

"சரி."

எழும்பிப் போகும்போதுதான் பழைய மச்சானானான். "அதுமட்டும் கிளிப் பொறுக்குங்கோ," என்றான்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். குளம்புக் குழிக் கதையைக் கேட்டதும் மிஸ்ஸுக்குக் கோபம் வந்தது. உரத்த குரல் இன்னும் உரத்தது.

"நான் மணலில நடக்கச் சொன்னனானே, கல்லில சொன்னனானோ?"

"அது வரம்பு மிஸ்."

"மாடு நடந்த வரம்பு கல்லுத்தான். மழை பெஞ்சாப் பிறகு போங்கோ."

வீக்கம் வற்றும் வரை ஓய்வு தந்தார். பிறகு மறுபடி அடியிலிருந்து தொடங்கச் சொன்னார். புறப்படுமுன் நான் கேட்காமல் விட்டிருந்த கேள்வியைக் கேட்டேன். இந்த வளைவு திரும்பி வருமா? அவர் ஒளிக்கவில்லை. இந்த வயதில் எலும்பு நின்ற நிலை மாறாது என்றார். ஈரக்கால் தட்டையாகத்தான் பதியும். கயிறு பலப்பட்டால் நோ போகும், நடை வரும். "நீங்கள் காலடியைப் பாக்காதேங்கோ. ஒற்றைக் காலில குதி எழும்புதோ எண்டு பாருங்கோ. அதுதான் கணக்கு."

அது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. மாசியிலிருந்து விறாந்தையில் ஒவ்வொரு நாளும் குனிந்து பார்த்து, இன்றைக்கு உள்விளிம்பு கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறது என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். அதை விட்டேன்.

புரட்டாதியில் வெக்கை உச்சத்துக்குப் போனது. காலையில் வீட்டுக்கு முன்னால் உள்ள வாய்க்காலின் காய்ந்த மணலில் நடந்தேன். முதல் நாட்களில் அடுத்த வீட்டுப் படலை வரை, பிறகு மதகு வரை. திரும்பி வந்து யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். சங்கக் கடைக்குச் சைக்கிளை விட்டுவிட்டுச் சப்பாத்தோடு நடந்து போனேன். அதன் அடி கொஞ்சம் கொஞ்சமாகத் தேயத் தொடங்கியது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. சனிக்கிழமை விரதத்துக்கு எள்ளெண்ணெய் எரிக்கப் போன கோயிலில், மற்றவர்கள் வீதியைச் சுற்றும்போது நானும் சுற்றி, ஈசான மூலையில் யாரும் பார்க்காத இடத்தில் மதிலைத் தொட்டுக்கொண்டு குதியைத் தூக்கிப் பார்த்தேன். நவராத்திரி தொடங்கிய கிழமையில் ஒரு காலை, யன்னல் கம்பியைப் பிடித்தபடி, வலது குதி எழும்பியது. உயரமில்லை. ஒரு கிளிப்பின் உயரம் இருக்கும். இறங்கியது, மறுபடி எழும்பியது.

நான் யாரையும் கூப்பிடவில்லை. கம்பியை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

முதல் மழை புரட்டாதிக் கடைசியில், ஒரு வியாழன் பின்னேரம் விழுந்தது. நல்ல மழை, ஆனால் ஒரே ஒரு மழைதான். நாட்காட்டியில் குறித்துவிட்டு, மறுநாள் காலை வயலுக்குப் போனேன். சொல்லி வைத்தது போல மச்சானும் மருத மரத்தடியில் லாண்ட்மாஸ்டரை நிறுத்திவிட்டு நின்றான்.

"நாளைக்கு உழவு போடலாம், பதம் நல்லாயிருக்கு," என்றான். பிறகு, "உங்கட பக்கமும் சேத்தோ?" என்றான். அவனுக்கு நேரடியாகக் கேட்க விருப்பமில்லை என்று தெரிந்தது.

"வா, மூலை வரைக்கும் போயிட்டு வருவம்," என்றேன்.

செருப்பைக் கழற்றினேன், அவனும் கழற்றினான். மழையில் வரம்பு இளகியிருந்தது. குளம்புக் குழிகளின் விளிம்புகள் கரைந்து காலுக்கு இடம் கொடுத்தன. நான் முன்னால், அவன் பின்னால். விரல்களால் பிடித்து, குதியை மெதுவாக வைத்து நடந்தேன். பாதியில் அவன், "ஆறுதலாய்ப் போங்கோ அத்தான், வயல் ஓடாது," என்றான். அவனுடைய அக்காவின் சொல். நான் பேசவில்லை. பேசினால் காலை மறந்துவிடுவேன் என்று பயம். கழிவு வாய்க்கால் மூலையில் போன போகத்தில் நான் கட்டிய அணை சரிந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கணுக்காலின் உட்புறத்தில் சூடு போல ஒன்று இருந்தது. அது நோ இல்லை. நோ எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"மச்சான், இந்த முறை நான்தான் விதைக்கிறன்."

அவன் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து உடைத்துப் பார்த்தான்.

"பெருமழை நேரம்?"

"ஏலாத நாள் உனக்கு ரெலிபோன் பண்ணுவன். நீ வந்து வரம்பைப் பார்."

"ஏலாத நாளிலும் பண்ணமாட்டியள். உங்களை எனக்குத் தெரியாதோ?"

"பண்ணுவன்."

"அப்ப அக்காவுக்கு முன்னால சொல்லுங்கோ. அவா சாட்சி."

"சொல்லுறன்."

அவனுக்கு ஏமாற்றம் இருந்திருக்கும். அந்தத் துண்டு சேர்ந்தால் லாண்ட்மாஸ்டரைத் திருப்புவது லேசு. ஆனால் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கிப் போனதையும் கண்டேன். நான் வயலைத் திரும்பக் கேட்கிற நாளை நினைத்து அவனும் பயந்திருக்கலாம்.

திரும்பும்போது அவன் முன்னால் போனான். வரும்போது நாங்கள் பதித்த அடிகள் ஈர வரம்பில் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. அவன் நின்றான்.

"அத்தான், உங்கட தோசைக்கல்லுகள் நல்லாப் பதிஞ்சிருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். மாசிக்குப் பிறகு பாதங்களைப் படிக்கப் பழகியிருந்தேன். என்னுடையவை தட்டைதான், மிஸ் சொன்னது போலவே. அவன் காட்டியதோ என்னுடையது இல்லை. பெருவிரலில் பழைய வெட்டுக்காயத்தின் தழும்பு விழுந்த அடி, அகலமான குதி. உள்விளிம்பு முழுவதும் மண்ணில் படுத்திருந்தது. என்னுடையதைவிடத் தட்டை.

"அது உன்ர கால் மச்சான்."

"பேய்க்கதை."

"வைச்சுப் பார்."

காலைத் தூக்கி அந்த அடிக்குள் வைத்தான். சரியாகப் பொருந்தியது. எடுத்தான், பக்கத்தில் புதிதாக ஒன்று பதித்தான். அதுவும் அப்படியே.

"எனக்கு ஒரு நோவும் இல்லையே," என்றான், கொஞ்சம் சத்தம் குறைந்து.

"சில பேருக்கு நோகாதாம். மிஸ் சொன்னவா."

"அப்ப எனக்குக் காத்துப் போகேல்லை."

"உனக்கு ரயரே அப்பிடித்தான் செய்து வந்திருக்கு."

மரத்தடி வரை அவன் தன் அடிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தான். சனிக்கிழமை காலை சொன்னபடி வந்து இரண்டு வயலையும் உழுதான். புழுதியில் விதைத்தோம், ஐப்பசி நடுவில் மழை வந்தது. கார்த்திகையில் பெருமழை மூன்று நாள் விடாமல் கொட்டியபோது, இரண்டாம் நாள் காலை கணுக்கால் நொந்தது. மனைவி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ரெலிபோனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன். அவன் வந்து வரம்பைப் பார்த்துவிட்டு, சேறும் தண்ணியுமாக எங்கள் வீட்டுக்கு வந்தான். குழாயில் கால் கழுவி ஏறினான். தேத்தண்ணி குடித்தான். கதிரைக்குக் கீழே கிளிப்புகள் கிடந்தன. கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் வலது கால் அவற்றில் ஒன்றின் மேல் போனது. விரல்கள் மடிந்தன. கிளிப் வழுக்கிப் போய்ச் சுவரில் பட்டது.

"விரலை மடக்காதே," என்றேன். "முதல்ல விரிச்சு வை."